கணுக்காலில் ஓர் ஊர்க்காரன்

1

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதத்தை மூன்று முறை படித்தேன். "தங்கள் இடது கணுக்காலின் பின்புறம், தோலுக்கு அடியில், ஓர் அந்நியப் பொருள் இருப்பது எக்ஸ்ரேயில் தெரிகிறது. நீளம் சுமார் ஓர் அங்குலம். அதை அகற்றுவது குறித்துப் பேச நேரில் வரவும்." கீழே கோழி கிளறியது போல் ஒரு கையெழுத்து.

இங்கிலாந்தின் வடக்கே, வருஷத்தில் பாதி நாள் தூறிக்கொண்டே இருக்கும் ஓர் ஊரில், பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வந்து ஒன்பது வருஷம். கடிதம் வந்த வாரம்தான் ஒன்பது முடிந்தது. என் மனைவி வசந்தா அன்று பாயசம் வைத்தாள். எதற்கு என்று கேட்டேன். "ஒம்போது வருசம் இந்தக் குளிர்ல சாவாம கீறோமே, அதுக்குத்தான்" என்றாள். அவள் மீஞ்சூர்க்காரி. ரயில் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவள், எதையும் உரக்கத்தான் சொல்வாள்.

இந்தக் குளிர்காலம் முழுக்க அந்தக் கணுக்கால் வலித்துக்கொண்டிருந்தது. குளிர்தான் என்று சமாளித்தேன். ஒரு நாள் படியில் இறங்கும்போது சுரீரென்றது, அப்படியே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். வசந்தா போட்ட சத்தத்தில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் சின்னப் பையன்தான். எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு முன்னால் பிடித்தார். எலும்புக்குப் பின்னால் மெல்லிய வெள்ளைக் கோடு. "இதுதான் அந்த அந்நியப் பொருள்" என்றார்.

"அது அந்நியம் இல்லை டாக்டர், எங்கள் ஊரிலிருந்து வந்தது" என்று சொல்லிவிட்டேன். வாய் முந்திக்கொண்டது. அவர் மரியாதையாக என்னைப் பார்த்தார். "அதாவது, எனக்கு அதைத் தெரியும். ஒரு மீனுடைய முள். தட்டையாக இருக்கும், நீள வால்..." திருக்கைக்கு இங்கிலீஷில் என்ன என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவே இல்லை. இரண்டு கையையும் விரித்து, பின்னால் வால் போல ஒரு விரலை ஆட்டிக் காட்டினேன். அவர் ஃபைலில் ஏதோ எழுதினார். பிறகு ஒரு நாள் அதைத் தலைகீழாக எட்டிப் பார்த்தேன். "நோயாளி இப்பொருளோடு தமக்கு அறிமுகம் உண்டு என்கிறார்" என்று இருந்தது.

நரம்புக்குப் பக்கத்தில் கிடக்கிறது, இப்போது தொந்தரவு கொடுக்க ஆரம்பித்திருக்கிறது, எடுத்துவிடுவது நல்லது என்றார். கையெழுத்துப் போடப் படிவம் நீட்டினார். ஒரு மாதம் தவணை கேட்டேன். ஏன் ஒரு மாதம் என்றார். "என் அண்ணனைக் கேட்க வேண்டும். அவர் இந்தியாவில் இருக்கிறார். கடிதம் போய்வர அவ்வளவு ஆகும்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

சிரிக்காதீர்கள். எனக்கு எடுக்க மனசு வரவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்தது எல்லாம் இந்த ஒன்பது வருஷத்தில் ஒவ்வொன்றாகத் தீர்ந்துவிட்டது. வேட்டிகள் கிழிந்து தூசி துடைக்கப் போய்விட்டன. அம்மா கொடுத்த ஊறுகாய் ஜாடி உடைந்தது. தேசிங்கு என்ற என் பெயர்கூடப் பாதியாகி இங்கே டெஸ் ஆகிவிட்டது. மிச்சம் இருப்பது கணுக்காலில் இருக்கும் அந்த ஓர் அங்குலம்தான். அதையும் எடுத்துவிட்டால் நான் அந்த ஊர்க்காரன் என்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது?

2

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் குப்பங்களில் ஒன்று எங்களுடையது. ஏரியில் எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. அதற்குப் பெயர் பாடு. குப்பத்துப் பெரியவர்கள் பெயர் எழுதிச் சீட்டுக் குலுக்குவார்கள். வந்த சீட்டுப்படி வந்த நாளில் வந்த இடத்தில் இறங்க வேண்டும். "இன்னிக்கு எங்க பாடு" என்றால் அன்று அந்தத் தண்ணீர் எங்களுடையது, வேறு யாரும் அங்கே கால் வைக்க மாட்டார்கள்.

ஏரி ஆழமில்லை. பல இடங்களில் இடுப்பளவுதான். ஆனால் அதில் நடப்பதற்கு ஒரு விதம் இருக்கிறது. காலைத் தூக்கி வைக்கக் கூடாது. அடிமணலில் தேய்த்துத் தேய்த்தே நகர வேண்டும். மணலைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும் திருக்கைக்கு உரசல் தெரிந்தால், அது பாட்டுக்கு விலகிப் போய்விடும். காலைத் தூக்கி அதன் முதுகில் வைத்தால்தான் வாலைச் சுழற்றும். எங்கள் குப்பத்தில் பிள்ளைகள் தரையில் நடப்பதற்கு முன்பே இப்படித் தண்ணீரில் நடக்கக் கற்றுக்கொள்வார்கள் என்று சொன்னால் கொஞ்சம்தான் பொய்.

பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால், நான் பட்டணத்தில் காலேஜில் படித்துக்கொண்டிருந்த காலம். லீவுக்கு வந்திருந்தேன். அன்று நைனாவுடைய பாடு. எங்கள் அப்பாவை நைனா என்போம். நல்ல இடம் விழுந்திருந்தது. அண்ணன் ஏகாம்பரமும் நைனாவும் வலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தார்கள். உள்ளே இறால் துள்ளுவது கண்ணுக்குத் தெரிந்தது. வலையின் அந்தக் கோடியில் இருந்த கழியைப் பிடிக்கச் சொன்னார்கள். நான் சந்தோஷத்தில் ஓடினேன். ஓடினால் கால் தூக்காமல் எப்படி?

அந்த வலியை எழுத எனக்கு வார்த்தை இல்லை. கத்தினது மட்டும் நினைவிருக்கிறது. அண்ணன் கையிலிருந்த வலைக்கயிற்றை அப்படியே போட்டுவிட்டு வந்து என்னைத் தூக்கினான். வலை சரிந்தது. மொத்த இறாலும் போய்விட்டது. அந்த இடம் எங்களுக்குத் திரும்ப விழ எத்தனை வாரம் ஆகுமோ. நைனா சரிந்த வலையைச் சுருட்டினார். அண்ணன்தான் கரை சேரும்வரை திட்டிக்கொண்டே வந்தான்.

"கால தேச்சு நடடா, தேச்சு நடடான்னு எத்தினி தபா சொல்லிக்கீறேன்! காலேஜுக்குப் போயி கால தூக்கி வெக்கத்தான் கத்துக்கினியா? சோமாறி!" திட்டிக்கொண்டிருந்தவன் அழுதுகொண்டிருந்தான். அவன் கண்ணீர் என் கழுத்தில் விழுந்தது எனக்குத் தெரியும்.

அம்மா தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீர் வைத்துக் காலை முக்கி வைத்தாள். அதில் வலி பாதி இறங்கியது. பிறகு படகில் பழவேற்காட்டுக்கு, கம்பவுண்டர் காசிம் பாயிடம் போனோம். வெளியே நீட்டிக்கொண்டிருந்த முள்ளை அண்ணன் தண்ணீரிலேயே பிடுங்கியிருந்தான். நுனி உள்ளே முறிந்து நின்றுவிட்டது. பாய் கழுவினார், துழாவினார், நான் ஊரைக் கூட்டினேன். கடைசியில் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டார்.

"கொஞ்சூண்டு உள்ளயே நின்னுபோச்சு தம்பி. இதுக்கு மேல தோண்டினா நரம்புல கை வெக்கணும். உட்டுடு. உடம்பு அதுக்கு ஒரு கூடு கட்டிக்கும்."

"கூடு கட்டிக்கினு எத்தினி நாளு இருக்கும் பாய்?" என்று அண்ணன் கேட்டான்.

"அதுக்கு இஷ்டம் இருக்கற வரைக்கும்."

நாலு மாதம் என்னால் தண்ணீரில் இறங்க முடியவில்லை. அண்ணன் என் பங்குக்கும் சேர்த்து இறங்கினான். நான் காலை நீட்டி உட்கார்ந்து படித்தேன். செய்ய வேறு வேலை இல்லாததால் அப்படிப் படித்தேன். அந்தப் படிப்பு ஒரு பரீட்சைக்கும், பரீட்சை ஒரு வேலைக்கும், வேலை ஒரு விமானத்துக்கும் கொண்டுபோய் விட்டது. அந்த முள்தான் என்னை இங்கே அனுப்பியது என்று நான் சொன்னால் வசந்தா ஒத்துக்கொள்வதில்லை. "உன்ன யாரு புடிச்சித் தள்ளினாங்க? நீயாதான் வந்தே" என்பாள்.

3

நான் இங்கே செய்யும் வேலையைச் சொன்னால் இந்தக் கதையின் கேலி உங்களுக்குப் புரியும்.

உடைந்த எலும்புக்கு எஃகுத் தகடு, தேய்ந்த மூட்டுக்குப் பதில் மூட்டு, தையலுக்கு நைலான் நூல் என்று மனித உடம்புக்குள் எதையெதையோ வைக்கிறார்கள் அல்லவா? அவற்றை உடம்பு எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் ஆய்வுக்கூடத்தின் வேலை. எலிகளின் தசைக்குள் ஒரு துண்டு வைப்பார்கள். சில வாரம் கழித்து அந்த இடத்தை வெட்டி எடுத்து என்னிடம் கொடுப்பார்கள். நான் அதை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடியில் ஒட்டிக் கொடுப்பேன். எங்கள் தலைவர் மார்கரெட் அம்மையார் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து எழுதுவார். அறுபதை நெருங்குகிறவர். என்னை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட முயற்சி செய்த ஒரே வெள்ளைக்காரர் அவர்தான். இரண்டு நாள் முயன்றார்.

உடம்பில் எது நுழைந்தாலும் முதலில் நடப்பது ஒன்றுதான். ரத்தம் உறைகிறது. காவலுக்கு அணுக்கள் ஓடி வருகின்றன. வந்ததைத் தின்று தீர்க்கப் பார்க்கின்றன. தின்ன முடியாவிட்டால் பல அணுக்கள் ஒன்றாகச் சேர்ந்து பெரிய அணுவாகி, மறுபடி முயற்சி செய்கின்றன. அதிலும் தோற்றால் சண்டையை விட்டுவிட்டு நாரைக் கொண்டுவந்து அந்தப் பொருளைச் சுற்றிச் சுவர் எழுப்பிவிடுகின்றன. நீ அங்கே இரு, நான் இங்கே இருக்கிறேன் என்கிற ஏற்பாடு. இதைப் பற்றிப் பெரிய பெரிய புத்தகங்கள் இருக்கின்றன. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை அகராதியோடு உட்கார்ந்து படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காசிம் பாய் அதை ஒரே வரியில் சொல்லியிருந்தார்.

நான் இங்கே முதன்முதலில் சீவியது நைலான் நூல். மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. எங்கள் குப்பத்தில் பருத்தி வலை போய் நைலான் வலை வந்தபோது, அறுந்த நூலை நான் பல்லில் கடித்து இழுத்திருக்கிறேன். அது இங்கே ஓர் எலியின் தொடைக்குள் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி வட்டமாகச் சுவர். நூலுக்கும் சதைக்கும் நடுவே கத்தியால் கீறியது போல் எல்லை. ஒட்டவே இல்லை. அன்று மதியம் சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஊரும் என்னை வெளியே தள்ளவில்லை, சேர்த்துக்கொள்ளவும் இல்லை. நன்றி சொல்கிறார்கள், கதவைத் திறந்து பிடிக்கிறார்கள், வானிலை பேசுகிறார்கள். சுவர் மெல்லிசுதான், ஆனால் இருக்கிறது.

எக்ஸ்ரே விஷயத்தை மார்கரெட்டிடம் சொல்லியிருக்கக் கூடாது. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "பதின்மூன்று வருஷமா? மனிதத் திசுவிலா? டெஸ், நாம் எலிகளில் பதின்மூன்று வாரம்தான் பார்த்திருக்கிறோம்!" என் காலையே ஆசையாகப் பார்த்தார். அதன் பிறகு தினமும் காலை வணக்கத்தோடு "முடிவு செய்துவிட்டீர்களா?" என்பார்.

4

ஆஸ்பத்திரிப் படிவம் நாலு பக்கம். உடம்புக்குள் உலோகம் உண்டா, பல் செட் உண்டா, என்ன மதம் என்றெல்லாம் கேள்வி. பதிவறையில் இருந்த அம்மாள் பேனாவைத் தட்டிக்கொண்டே கேட்டாள்: "இந்தப் பொருள் நீங்கள் இந்த நாட்டுக்குள் வருவதற்கு முன்பே இருந்ததா?"

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் விமான நிலையத்தில் ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டது நினைவுக்கு வந்தது. விலங்குகளிலிருந்து பெறப்பட்ட பொருள் எதையாவது கொண்டுவருகிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். இல்லை என்று எழுதினேன். அம்மா துணியில் முடிந்து கொடுத்த இறால் கருவாட்டை அதிகாரி மோப்பம் பிடித்துக் கண்டுபிடித்துவிட்டார். இரண்டு விரலால் தூக்கிக் குப்பையில் போட்டார். பெரிய எச்சரிக்கை வேறு கொடுத்தார். அப்போதும் கணுக்காலில் ஒரு மீனின் துண்டோடுதான் நின்றிருக்கிறேன்! பொய்க் கையெழுத்து ஆயிற்றே, இதற்காக விசாவைப் பிடுங்குவார்களோ?

அந்த அம்மாளிடம் தயங்கித் தயங்கி இதைச் சொன்னேன். தப்பு செய்துவிட்டேன், வேண்டுமென்று செய்யவில்லை என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் சிரித்தாள். எலும்பு டாக்டருக்கு அந்த வியாதியின் வரலாறு வேண்டும், அவ்வளவுதானாம். வீட்டுக்கு வந்து சொன்னேன். வசந்தா தலையில் அடித்துக்கொண்டாள். "உனுக்குப் பயம்தான் உள்ள மாட்டிக்கினு கீது, முள்ளு இல்ல. எடுத்துத் தொல. அது இன்னா தாலியா, கழட்டக் கூடாதுன்றதுக்கு?"

என் மகள் கலா காமிக்ஸில் மூழ்கியிருந்தாள். அவளுக்கு எட்டு வயது. இங்கேயே பிறந்தவள். தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். முன்பெல்லாம் "அப்பா, மீன்" என்று ஒன்றிரண்டு வார்த்தை சொல்வாள். பள்ளிக்கூடம் போன பிறகு அதுவும் உதிர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் அவள் கேலா. அவளைக் கொண்டுவிடப் போகும்போது எனக்குப் பத்தடி முன்னால் நடப்பாள். காரணம் எனக்குத் தெரியும். நான் தரையிலும் காலைத் தேய்த்துத்தான் நடக்கிறேன். கால் வலிக்கு முன்பிருந்தே அப்படித்தான். முள் குத்திய நாளிலிருந்து என் கால் தூக்கவே பயப்படுகிறது. ஒரு முறை அவள் தோழி ஒருத்தி, "உன் அப்பா ஏன் பனிச்சறுக்கு விடுகிறார்?" என்று கேட்டாள். கலா முகம் சிவந்து போனது. அன்று திரும்பி வரும் வழியில், மணலுக்கடியில் திருக்கை என்று ஒரு மீன் படுத்திருக்கும், அதை மிதிக்காமல் இருக்க எங்கள் ஊரில் இப்படி நடப்போம் என்று விளக்கிச் சொன்னேன். கேட்டாளா என்றே தெரியவில்லை. முன்னால் ஓடிவிட்டாள்.

ஊருக்கு ஒரு முறைகூட அவளைக் கூட்டிப்போக முடியவில்லை. நானே போகவில்லை, அப்புறம் எங்கே.

5

அண்ணனுக்கு எழுதியிருந்தேன். நீலக் கடிதத்தாளில் நுணுக்கி நுணுக்கி மூன்று பக்கமும் எழுதினேன். முள்ளை எடுக்கச் சொல்கிறார்கள், நீ என்ன சொல்கிறாய், அது நம் ஏரியிலிருந்து வந்தது, அன்று நீ என்னைத் தூக்கி வந்தாய், எனக்கு மனசு வரவில்லை. படித்தால் அழுவான் என்று நினைத்தேன். பதில் இருபத்தைந்தாம் நாள் வந்தது. அவன் எழுதுவதும் பேசுவது போலத்தான்.

"தம்பி தேசிங்குக்கு அண்ணன் ஏகாம்பரம். இங்க எல்லாம் சௌக்கியம். நைனா இப்பல்லாம் தண்ணில எறங்கறது இல்ல, கரையில குந்திக்கினு எங்களத்தான் ஏசுது. அம்மா உன்ன கேட்டுது. முள்ளப் பத்தி எழுதிக்கீறே. இதுக்கு இன்னாத்துக்குடா ஒரு லெட்டரு? காலு நோவுதுன்னா எடுக்க வேண்டியதுதானே. நம்ம ஏரில முள்ளுக்கு இன்னா பஞ்சமா? வேணும்னா சொல்லு, ஒரு டப்பா நெறைய அனுப்பறேன்.

இன்னொரு சமாச்சாரம். எப்பிடி சொல்றதுன்னு ரெண்டு மாசமா வெச்சிக்கினு இருந்தேன். பாட்டு லிஸ்டுலேர்ந்து உன் பேர எடுத்துட்டாங்க. சண்ட கிண்ட ஒண்ணும் இல்ல. நான்தான் எடுக்க சொன்னேன். ஒம்போது வருசமா உன் முறைக்கும் நானே எறங்கிக்கினு இருந்தேன். கோவிந்தன் மவன் கல்யாணமாகி மூணு வருசமா பேரு ஏறாம நிக்கிறான். எடம் காலியானாதான ஏத்துவாங்க? என் தம்பி கோச்சிக்க மாட்டான்னு பெரியவங்க கையில சொல்லிட்டேன். கோச்சிக்கினாலும் பரவால்ல. வந்து கோச்சிக்கோ.

தண்ணில எறங்கினா கால தேச்சு நட."

வசந்தா தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். "பாட்டு லிஸ்ட்டா? ரேடியோவுல பாடறதுக்கா பேரு குடுத்து வெச்சிருந்தே?" என்றாள். மீஞ்சூரில் பாடு என்ற பேச்சே இல்லை, அவளுக்கு எப்படித் தெரியும்? பாடு என்றால் இதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். கடிதத்தை மடித்தேன், மறுபடி பிரித்தேன். கல்யாணம் ஆனால்தான் எங்கள் குப்பத்தில் ஒருவன் பெயர் பாடு லிஸ்டில் ஏறும். எனக்கும் அவளுக்கும் கல்யாணம் ஆன மாதம் என் பெயரை எழுதினார்கள். அந்தத் தண்ணீர் வருஷத்துக்குச் சில நாள் என்னுடையதாக இருந்தது. நான் அங்கே இல்லாவிட்டாலும் இருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்ததும் கிண்டலை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மூன்று நாள் எனக்கு அண்ணன்மேல் அப்படி ஒரு கோபம். நானென்ன செத்தா போய்விட்டேன்? என்னைக் கேட்டுவிட்டு எடுத்திருக்கக் கூடாதா? நாலாம் நாள் வேலையில் ஒரு கண்ணாடித் துண்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வைத்த பொருளை வெளியே எடுத்த பிறகு அந்தக் குழி என்ன ஆகிறது என்று பார்த்த துண்டு. முதல் வாரத்தில் குழி தெரியும். மூன்றாம் வாரத்தில் தேட வேண்டும். அதற்கப்புறம் தழும்புதான். புண் யாருக்காகவும் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்காது, அப்படிக் காத்திருந்தால் உடம்பு அழுகிவிடும். ஒன்பது வருஷமாக நான் தினமும் பார்த்துக்கொண்டிருக்கும் பாடம் இது. ஊர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. என் இடம் மூடிவிட்டது. ஒன்பது வருஷம் அதை மூட விடாமல் என் அண்ணன் ஒருத்தன் இடுப்பளவு தண்ணீரில் எனக்காகவும் நின்றிருக்கிறான், நானோ அவனைக் கோபித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று மாலை படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

6

காலை மட்டும் மரத்துப்போக வைத்துத்தான் எடுத்தார்கள். நான் விழித்திருந்தேன். ஐந்து நிமிஷ வேலை என்று சொன்னவர்கள் அரைமணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். "வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்று நினைத்தோம். இது சதையோடு ஒட்டியிருக்கிறது" என்றார் அந்தச் சின்ன டாக்டர். சுற்றிலும் கொஞ்சம் என் சதையையும் சேர்த்தே அறுத்து எடுத்தார். தைத்தது நீல நைலானில். எங்கள் வலை நிறம்.

புட்டியில் போட்டு என் கையிலேயே கொடுத்தார்கள். கொண்டுபோய் மார்கரெட் மேஜையில் வைத்தேன். அவர் அதைத் தொடாமல், "இதை நீங்கள் சீவுகிறீர்களா, வேறு யாரையாவது சொல்லட்டுமா?" என்று கேட்டார். அப்படிக் கேட்கத் தெரிந்தவர்தான் அவர். நானே சீவுகிறேன் என்றேன். பதிவேட்டில் எழுத வேண்டும். வைத்த பொருள்: திருக்கை முள். வைத்த இடம்: கணுக்கால். புகுந்த பொருளுக்கு இடம் கொடுக்கும் உடம்பை இங்கே ஹோஸ்ட் என்கிறார்கள், நம் பாஷையில் வீட்டுக்காரன். அந்தக் கட்டத்தில் ஒன்பது வருஷமாக எலி நம்பர்தான் எழுதியிருக்கிறேன். அன்று தேசிங்கு என்று முழுசாக எழுதினேன்.

முள்ளில் இருந்த சுண்ணாம்புச் சத்தை அமிலத்தில் கரைத்து மெதுவாக்கவே வாரக்கணக்கில் ஆனது. தயாரானது ஒரு சனிக்கிழமை. வசந்தாவுக்கு வேலை இருந்ததால் கலாவையும் கூட்டிப் போயிருந்தேன். நான் எதிர்பார்த்தது வட்டமான சுவர், நடுவில் என் முள், பத்திரமாக, அப்படியே. அது இல்லை. முள்ளின் விளிம்பில் இருந்த ரம்பப் பற்கள் கரைந்து போயிருந்தன. பாதி முள்ளை என் அணுக்கள் தின்றிருந்தன. மீதி முள்ளுக்குள் இருந்த மெல்லிய துவாரங்களில் என் ரத்தக் குழாய்கள் நுழைந்து போயிருந்தன. மார்கரெட் வெகுநேரம் பார்த்துவிட்டு, "நைலானிடம் உடம்பு இப்படி நடந்துகொள்வதே இல்லை. எலும்பு மாதிரி ஏதாவது கிடைத்தால்தான் இப்படிச் சேர்த்துக்கொள்ளும்" என்றார்.

கலா ஸ்டூலில் ஏறி நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். எல்லாம் ஊதாவும் ரோஜா நிறமுமாகத் தெரிந்திருக்கும்.

"இதில் எது நீங்கள், எது மீன்?" என்று கேட்டாள்.

எல்லையைக் காட்டுவதுதான் என் பிழைப்பு. ஊசி முனையை அங்கே வைத்தேன், இங்கே வைத்தேன். "தெரியலடி" என்றேன். அவள் மறுபடியும் குனிந்து பார்த்தாள். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு ஊர் வேண்டும் போலிருந்தது. காலில் மணல் நெருடும் அந்தத் தண்ணீரும், திட்டிக்கொண்டே அழுகிற அண்ணனும் உடனே வேண்டும் போலிருந்தது. இதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

7

போன வாரம் கடைசிப் பரிசோதனை. பள்ளிக்கூட லீவு என்பதால் கலாவும் வந்தாள். புண் நன்றாக மூடியிருந்தது. நீளமான வராந்தாவில் என்னை நடக்கச் சொன்னார்கள். காலுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் கையில் ஃபைலோடு நின்றாள்.

நடந்தேன். "காலைத் தூக்கி வையுங்கள், டெஸ்" என்றாள். தூக்கினேன். இரண்டு அடி. மூன்றாவது அடியில் அது தானாகத் தரையில் உரசியது. திரும்பி நடக்கச் சொன்னாள். மறுபடி உரசல். உள்ளே ஒன்றும் இல்லை, எடுத்தாயிற்று, என் கண்ணாலேயே துண்டு துண்டாகப் பார்த்தாயிற்று. ஆனாலும் கால் கேட்கவில்லை. அவள் முகம் மாறியது. "வலிக்கிறதா?" இல்லை என்றேன். "நரம்பில் ஏதாவது பட்டிருக்கலாம். டாக்டரிடம் சொல்ல வேண்டும்" என்று பேனாவை எடுத்தாள். விளக்க நினைத்தேன். ஏரி, மணல், அந்தத் தட்டையான மீன், எல்லாவற்றுக்கும் இங்கிலீஷ் ஒரே நேரத்தில் வந்து தொண்டையில் அடைத்துக்கொண்டது.

பெஞ்சில் உட்கார்ந்து காமிக்ஸ் படித்துக்கொண்டிருந்த கலா தலையைத் தூக்கினாள்.

"நரம்பில் ஒன்றும் இல்லை" என்றாள் அந்தப் பெண்ணிடம். "கீழே திருக்கை இருக்கும். அதற்குத் தெரியவேண்டும் அல்லவா, நாம் வருகிறோம் என்று? எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் நடப்போம்."

சொன்னதெல்லாம் இங்கிலீஷில்தான், திருக்கை என்ற ஒரு வார்த்தையைத் தவிர. சொல்லிவிட்டு மறுபடி காமிக்ஸில் குனிந்துகொண்டாள். அவள் எங்கள் ஊரைப் பார்த்ததே இல்லை.